பிரேக்கில் வைத்த கால்

படகுத் துறைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிற்பகல்தான். ஆனால் மேகம் ஏரியின் மேலேயே வந்து குந்திக்கொண்டதில் எதிர்க்கரை தெரியவில்லை. பழைய பிக்கப் வண்டி, பின்னால் காலி டிரெய்லர், முன்னே புருஷனும் பெண்டாட்டியும். ஊரார் படகுகளை இழுத்துப் போய்ப் பழுது பார்த்துக் கொடுப்பது இருவருக்கும் பன்னிரண்டு வருஷப் பிழைப்பு.

அவனுக்குத் தொழிலில் 'ஒண்ணாம் கியர்' என்று பேர். சாப்பிடுவது, பேசுவது, பெண் பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னது எல்லாமே ஒண்ணாம் கியரில்தான் என்று அவன் மனைவியே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

துறையின் சரிவு அவனுக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஒரே ஒரு வண்டி இறங்குகிற அகலம், இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர், சிமென்ட் பூராவும் பாசி. வண்டியைப் பின்பக்கமாக இறக்கி டிரெய்லரைத் தண்ணீரில் நனைத்தபோது, அவன் பக்கத்துக் கதவைத் திறக்க ஒரு சாண் இடம்கூட இல்லை. மனைவி தன் பக்கமாக ஒடுங்கி இறங்கினாள். தலையில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு, படகைக் கயிற்றால் இழுத்து ஏற்றிப் பூட்டும் வேலையில் இறங்கிவிட்டாள்.

துறைக் காவலாளி சரிவுக்கு வரவில்லை. சுவர் மேலே நின்று அவன் ஜன்னலுக்குக் குனிந்தார்.

"ஜோடியாவா வந்தீங்க தம்பி?"

"எப்பவும் ஜோடிதான்ணே. நான் வண்டிய ஓட்டுவேன், அவ என்னைய மேய்ப்பா."

காவலாளி சிரிக்கவில்லை. "இந்தப் படகுக்காரரும் சம்சாரத்தோடதான் வந்தாரு. பாதிச் சரிவுல வண்டி நின்னு போச்சு. அந்தம்மா சக்கரத்துக்குக் கல்லு வைக்கப் போனாங்க. ரெண்டு தட்டு கேட்டுச்சு, பிரேக்க விட்டேன்னு இன்னிக்கும் பொலம்பிட்டுக் கெடக்காரு மனுஷன். அந்தம்மாவ சக்கரத்துக்கு அடியில இருந்துதான் எடுத்தோம்."

அது என்ன தட்டு என்று கேட்பீர்கள். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். பின்னால் நிற்கிறவர் வண்டியின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம். இன்ஜின் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. தட்டு மட்டும் தகரம் வழியாக ஓடிவந்து ஓட்டுகிறவன் முதுகில் விழும். அதைக் காதால் கேட்பதைவிட முதுகால் கேட்பதுதான் அதிகம்.

 ஒண்ணாம் கியர் இதைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் படகை அவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நிற்காமல் ஒரே மூச்சில் ஏறிவிட்டால் ஆயிற்று, கல்லும் வேண்டாம், தட்டும் வேண்டாம் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

அவள் வந்து ஏறிக்கொண்டாள். முதல் கியரில் வண்டி முக்கி முனகி ஏறியது. காலிப் படகு. ஆனால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதுபோல் பின்னுக்கு இழுத்தது.

பாதிச் சரிவில், ஒரு குலுங்கு குலுங்கி, வண்டி அணைந்தது.

பிரேக்கை மிதித்துப் பிடித்தான். ஹேண்ட் பிரேக்கின் கம்பி அறுந்து ஆறு மாதமாகிறது. கியரில் போட்டு நிறுத்தலாமென்றால் தேய்ந்த கிளட்ச் இந்த எடையைத் தாங்காது. இன்ஜினைத் திரும்ப எழுப்பியாயிற்று. ஆனால் இருப்பது மூன்று மிதி, இரண்டு கால். வலது கால் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குத் தாவும் அந்தக் கண நேரத்தில் படகு வண்டியையே தண்ணீருக்குள் இழுத்துப் போய்விடும்.

"நான் எறங்கி கல்லு வைக்கிறேன்," என்றாள்.

"வேணாம், இரு."

"இருந்து? ராத்திரி பூரா இப்படியே மிதிச்சிட்டு இருப்பீங்களா? நல்ல ஆளுதான் போங்க." சொல்லிவிட்டு இறங்கியே போய்விட்டாள்.

அவள் பக்கத்துக் கண்ணாடியில் மஞ்சள் துணி பின்னோக்கிப் போவதைப் பார்த்தான். பின் சக்கரத்தருகே குந்தினாள். 

டப். டப்.

முதுகில் விழுந்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம், யோசிக்கவா விடும்? பிரேக்கிலிருந்து கால் தானாக லேசாக எழும்பியது. வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கியது.

கண்ணாடியில் அவள் பதறி எழுந்தாள்.

இரண்டு கைகளிலும் கல்லைப் பிடித்திருந்தாள்.

பிரேக்கை அவன் மிதித்த மிதியில் இடுப்பே வலித்தது.  அவள் வாய் அசைவதிலிருந்தே திட்டுவது தெரிந்தது. சத்தம் மட்டும் சுவர்களுக்கு நடுவே இன்ஜின் இரைச்சலில் கரைந்து போனது. தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான். ஈரச் சுவர் தவிர அங்கே எதுவும் இல்லை.

டப். டப்.

இப்போது இருக்கைக்கு நேர் பின்னால். மெதுவாக.

"போடா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "விட மாட்டேன்."

டப். டப்.

பாசி நாற்றம் குப்பென்று வண்டிக்குள் ஏறியது.  இறங்கிப் போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடத் துடித்தான். ஆனால் கதவு திறக்காது. திறந்தாலும் காலை எடுக்க முடியாது. அவளோ அசட்டுத் துணிச்சலில் மறுபடியும் சக்கரத்தருகே குந்துகிறாள். ஒண்ணாம் கியர் ஹாரனில் கையை வைத்து அழுத்தினான், எடுக்கவே இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் இன்னொரு முறை முதுகில் விழுந்தது, டப் டப்.

கடைசியில் அவள் வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? கல்லு ரெண்டும் வச்சு, தட்டிட்டுத்தானே நின்னேன்? இழுக்காம ஹாரன அடிச்சா?"

"எத்தன தடவ தட்டினே?"

"ஒரே தடவதான். ரெண்டு தட்டு."

அவன் நான்கு முறை கேட்டிருந்தான்.

கிளட்சைப் பாதியில் பிடித்து, ஆக்சிலேட்டரை மிதித்தான். கல் தாங்கியது. கிளட்ச் கருகும் வாடை வந்தது. அங்குலம் அங்குலமாக வண்டி ஏறி, மேட்டைத் தொட்டு, சாலைக்கு வந்தது. "அப்பாடா" என்று அவள் சாய்ந்துகொண்டாள். அவனும் மூச்சு விட்டு, அவள் பக்கத்துக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தான்.

பின் சக்கரத்தருகே மஞ்சள் துணி.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. குந்தியிருந்தவள் எழவில்லை, நடக்கவில்லை, பின்தங்கவும் இல்லை. சக்கரத்தோடு கூடவே வந்தாள்.

வழியில் ஓர் இடத்திலும் அவன் நிறுத்தவில்லை. மனைவி தண்ணீர் கேட்டாள், திட்டினாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பட்டறை முற்றம் வந்ததும் வேறு வழியில்லாமல் பிரேக்கை மிதித்தான். சமதளம். கோலி உருண்டையை வைத்தால்கூட உருளாது. இன்ஜினை அணைத்தான். அவள் இறங்கிச் சுற்றி வந்து அவன் கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க."

அவன் காலை எடுக்கப் போனான்.

டப். டப்.

கண்ணாடியில் அவள் இரண்டு கைகளிலும் கல்லோடு குந்தியிருந்தாள். புருஷன் பிடித்திருக்கிறான், நமக்கென்ன பயம் என்று இத்தனை வருஷமும் இருந்தாளே, அதே முகம். கதவருகே நிற்பதும் அவள்தான். இதில் எது தன் பெண்டாட்டி என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லிவிடுவான். ஆனால் அந்தப் பதிலை நம்பிக் காலை எடுக்க அவனுக்குத் தெம்பில்லை.

இருட்டத் தொடங்கும்வரை அப்படியே இருந்தான். அவள் கெஞ்சினாள், அதட்டினாள், தட்டில் சாப்பாடு கொண்டுவந்து குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினாள். நாலாவது வாயில் அவன் உடைந்து அழுதான். காவலாளி சொன்னது, தட்டு, கண்ணாடி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினான்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுமா என்னைய எறங்க விட்டீங்க?"

"தப்புதான். தப்புதாம்மா."

அவளுக்கும் கண் கலங்கியது.  பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பயந்த மனுஷனுக்குக் கண்ணுல தெரியறதெல்லாம் பேய்தான். நான் இங்கதானே நிக்கிறேன்? அங்க ஒண்ணுமில்லன்னு நானே பாத்துச் சொல்றேன், எறங்கி வந்துருங்க" என்றாள். அவன் தோளில் கையை ஊன்றி, வண்டிக்குள் தலையை நீட்டி, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"பாருங்க, யாருமே..."

 தோளில் இருந்த கை சில்லிட்டது.

அவள் மெல்லத் தலையை வெளியே இழுத்துக்கொண்டாள். கதவோரம் தரையில் மண்டியிட்டாள். உள்ளே கையை விட்டு, அவனுடைய வலது முழங்காலை இரண்டு கைகளாலும் பிரேக்கின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கால எடுக்காதீங்க," என்றாள்.