ஜெரோமுக்கு வைத்த பூசை

நாற்காலி சூடாக இருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்து போன சூடு.

"ஹஸ்ஸான், எனக்கு முந்தி இதுல யாருப்பா இருந்தது?" என்றார் ராயப்பராஜ்.

திண்டுக்கல் நாகல் நகரில் அந்த பிரவுசிங் சென்டரை நடத்தும் ஹஸ்ஸான் சிரித்தான். "காலையிலருந்து கரண்டே இல்ல சார், இப்பத்தான் வந்துச்சு. நீங்கதான் போணி. உங்க மகன் பேரை இந்தக் கம்ப்யூட்டரே மனப்பாடம் பண்ணிருக்கும்."

துபாய்க்குப் போன ஜெரோமிடமிருந்து கடிதம் நின்று மூன்று வருடம். சனிக்கிழமைதோறும் அவர் அந்தப் பெயரைத் தட்டுவார். அமெரிக்காவில் ஒரு பல் வைத்தியர், கோவாவில் ஒரு கால்பந்துக்காரன், யார் யாரோ ஜெரோம்கள் வருவார்கள். மகன் வரமாட்டான்.

காத்திருந்து களைத்து, போன கல்லறைத் திருநாளில் மனைவி செபஸ்தியம்மாளுக்குத் தெரியாமல் இறந்தவர்கள் பட்டியலில் மகன் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார். சாமியார் பூசையில் அதை வாசித்தபோது அவள், "வேற யாரோ ஜெரோம் போல, பாவம்," என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மோடம் கீச்சிட்டு அடங்கியது. தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் மணக்கும் அந்த மரத்தடுப்புக்குள், மதிய வெளிச்சம் எட்டாத மூலையிலிருந்து, வெயிலில் நெடுநாள் காய்ந்த மணலின் வாடை மெல்ல மெல்ல வந்து அவர் தொண்டையில் படிந்தது. தேடும் பெட்டியில் மவுஸை அழுத்தினார். முன்பு தட்டியதெல்லாம் கீழே விரியும். எப்போதும் அவர் தட்டியவை மட்டுமே இருக்கும்.

இன்று வேறு வரிகள். ஆங்கில எழுத்தில் தமிழ்.

திண்டுக்கல்லுக்கு எப்படிப் போவது.

உயிரோடு இருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைத்தால் என்ன ஆகும்.

'ஜெரோமா?' என்று தட்டினார். வெள்ளைப் பக்கம். எதுவும் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அவர் கேள்விக்குக் கீழே புதிதாக ஒரு வரி.

பேர் வாசிச்ச அன்னைக்கு வரைக்கும் இருந்தேன்ப்பா.

ஹஸ்ஸானைக் கூப்பிடத் திரும்பினார்.

கீபோர்டில் கிடந்த அவர் விரல்கள்மேல் வேறு விரல்கள் படிந்தன. மணல் உதிர்ந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

எழுத்து எழுத்தாக அவை அழுத்தின.

வீட்டுக்கு வழி மறந்துபோச்சு. எந்தத் தெரு?

வீட்டில் செபஸ்தியம்மாள் தனியாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

தெருவின் பெயரைத் தட்டினார்.

எத்தனாவது வீடு?

தட்டினார்.

கதவு தொறந்திருக்கா?