இனிப் போகாது

பல்ப் ஒருமுறை மின்னி அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை.

வாகனங்களில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் அம்ப் பழுதாகி வந்தால், நிஸார் அதை நேரடியாகப் பற்றரியில் கொடுப்பதில்லை. இடையில் ஒரு பிறேக் லைற் பல்பைத் தொடுப்பான். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். இல்லாவிட்டால் ஒரு மின்னு மின்னி அடங்கிவிடும். இந்தப் பல்ப் இரண்டையும் செய்யவில்லை. மெல்லச் சிவந்தது, மெல்ல மங்கியது, மறுபடி சிவந்தது. நித்திரை கொள்கிறவனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் போல.

ஜும்ஆ முடிந்து வந்து கடையைத் திறந்தபோதே முள்ளியவளை இருட்டிக்கொண்டு நின்றது. இப்போது மழை தகரக்கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வீதியில் ஓடும் வெள்ளத்தின் சேற்று மணமும், கடைக்குள் எந்நேரமும் நிற்கும் ஈயப்பற்று மணமும், அவற்றுக்கு அடியில் நனைந்த கரியின் மணமும் சேர்ந்து அவன் தொண்டையில் படிந்தன. கரி மணம் அம்பிலிருந்து வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு முன், தன் வான் வண்டியோடு எரிந்து செத்த சதீஸின் மனைவி சுகந்தினி அதை யூரியாப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இவற்ர அம்ப், நானா. எரிஞ்ச வானை இப்பதான் பொலிஸ் வளவில இருந்து விட்டவை. பின்சீற்றுக்குக் கீழ கிடந்ததால இது மட்டும் தப்பியிருக்கு."

"இதென்னத்துக்கு இப்ப, தங்கச்சி?"

"தம்பியின்ர ஓட்டோவில பூட்டப்போறன். நீங்கள்தான் பூட்டித் தரவேணும். இவர் எப்பவும் சொல்லுவார், நிஸார் நானா கை வச்சா இனிப் போகாது எண்டு." அவள் சிரித்தாள். "கை கெட்டி, கதைதான் கொஞ்சம் கூட எண்டும் சொல்லுவார்."

நிஸார் சிரிக்கவில்லை. குடையை விரிக்கப்போனவள் திரும்பினாள்.

"நானா, ஒண்டு கேக்கட்டோ? இவர் சிகரெட்டைப் பத்தவச்சுக்கொண்டு நித்திரையாப் போட்டார் எண்டு சனம் கதைக்குது. மாமியே அதைத்தான் நம்புறா. தன்ர பிள்ளை தன்னைத்தானே எரிச்சுப்போட்டான் எண்டு, படத்துக்கு ஒரு பூ வைக்க விடுறா இல்லை. இவர் வானுக்குள்ள பத்துறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"எனக்கு என்னண்டு தெரியும், தங்கச்சி" என்றான் நிஸார், திருப்புளியைப் பார்த்துக்கொண்டு.

"சரி. மாமிக்குப் பாமசியில குளிசை எடுத்துக்கொண்டு வாறன்."

அவனுக்குத் தெரியும். சிகரெட் கதையைத் தேத்தண்ணிக்கடையில் முதன்முதலாக அவிழ்த்துவிட்டவனே அவன்தான். வான் எரிந்த அன்று காலை, யாரோ வயரிங்கைப் பற்றிக் கேட்டார்கள். கேட்ட மறுகணம் அது அவன் வாயிலிருந்து வந்தது.

பையின் அடியில் மின்கம்பியும் கிடந்தது. நடுப்பகுதி கருகி வெறும் செம்பாகியிருந்தது. பற்றரிப் பக்கத்து நுனியில் பியூஸ் கூடு பாதி உருகித் தொங்கியது. அதைத் திறக்காமலே உள்ளே இருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். இருந்தும் திறந்தான்.

கருகிய பியூஸ். அதைச் சுற்றி இறுக்கிக் கட்டிய செப்பு இழைகள். அவனுடைய கட்டு.

சதீஸின் வானில் பியூஸ் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. அம்பில் பழுதில்லை என்பது நிஸாருக்கு அன்றே விளங்கிவிட்டது. கம்பி எங்கேயோ இரும்பில் உரசுகிறது. சாரதி சீற்றைக் கழற்றிப் பார்க்கவேண்டும். எட்டு ஆணி. அலுப்பு. சாப்பாட்டு நேரம் வேறு. போன பியூஸின்மேல் நாலு இழை செம்பைச் சுற்றிக் கூட்டுக்குள் தள்ளினான். இனி எவ்வளவு மின் பாய்ந்தாலும் பியூஸ் எரிந்து அதை வெட்டாது. சதீஸின் முதுகில் தட்டி, "இனிப் போகாது" என்றான்.

போகவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில், புதுக்குடியிருப்பு வீதியில், கம்பி முழுதாக இரும்பைத் தொட்டபோதும் அது போகவில்லை. மற்றதெல்லாம் எரிந்தது. கதவுப் பூட்டு இறுகிவிட்டது. உதவிக்கு ஓடிவந்தவர்களுக்கு உள்ளேயிருந்து சதீஸ் கதவில் அடிக்கும் சத்தம் கேட்டதாம். எவ்வளவு நேரம் கேட்டது என்று நிஸார் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

பியூஸை உருவிச் சட்டைப்பையில் போட்டான். பிறகுதான் அம்பின் மூடியைக் கழற்றினான், பழுது தேடுகிறவனைப் போல. மின்வழங்கிப் பகுதியின் ட்ரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீற்றரால் தொட்டான். எல்லாம் நல்லது. சுருள் நல்லது. மறுபடி பற்றரியைக் கொடுத்து அளந்தான். ஒரு பக்கம் முப்பது வோல்ற், மறுபக்கமும் முப்பது. ஒரு குறையும் இல்லை.

பல்ப் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

பற்றரிக் கவ்வியைக் கழற்றினான். மின்னைத் தேக்கிவைக்கும் கொண்டென்சருக்குள் மிஞ்சியது வடியும். மீற்றரில் இலக்கம் இறங்கும். இருபது வருடமாக அவன் பார்த்த காட்சி. முப்பது. முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்துநாலு.

பல்ப் எரிந்தது. மழைச் சத்தம் தூரப் போய்விட்டதைப் போலிருந்தது. யாரோ வாகனத்தின் யன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிடுவதைப் போல. கடைக்குள் சூடு ஏறியது. தட்டிலிருந்த சோதனை ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு மெதுவாக வெளியே தள்ளி, அப்படியே நின்றது. பிறகு அடித்தது.

டப். டப்.

டப்.

சதீஸ் கடைக்கு வரும்போது ஷட்டரில் கையால் அடிப்பான். இரண்டு, ஒரு இடைவெளி, ஒன்று. "நானா, முழிப்போ?" என்பான். பட்டப்பகலில்.

நிஸார் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். டப். டப். டப். பல்பைத் தாங்கியிலிருந்து கழற்றினான். விரல் சுட்டது. போட்டான். அது மேசையில் உருண்டு நின்றது. ஒரு கம்பியும் தொடவில்லை. எரிந்தது.

இடைவெளி இல்லாமல் போயிற்று. டப் டப் டப் டப். கை அல்ல இப்போது. முழங்கை. தோள்.

"நானா?"

சுகந்தினி வாசலில் நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குளிசைப் பை கையில்.

அடி நின்றது. பிறகு மெதுவாக, இரண்டு. இடைவெளி. ஒன்று.

அவளுடைய முகம் மாறியது. குடையைக் கீழே விட்டாள். தட்டருகே போய் ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் பார்க்கிறவளைப் போல.

"இவர்தான்" என்றாள். "நானா, இவர் கதவைத் திறக்கச் சொல்லுறார்."

இப்போது சொல்லலாம். இரண்டே சொல். நான்தான் கட்டினது. அவள் போய் மாமியிடம் சொல்வாள். படத்துக்குப் பூ வைப்பார்கள். அவ்வளவுதான் தேவை.

"அது கரண்ட், தங்கச்சி" என்றான் நிஸார். "கொண்டென்சருக்குள்ள மிஞ்சின கரண்ட். இப்பப் போயிடும்."

ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு குரல் வந்தது. சதீஸின் குரல் அல்ல. உற்சாகமான, அவசரத்திலிருந்த, சாப்பாட்டு நினைப்பிலிருந்த குரல். நிஸாரின் குரல்.

இனிப் போகாது.

சுகந்தினி திரும்பினாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டைப்பையை. துணி மஞ்சளாகி, பழுப்பாகி, நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விரிந்துகொண்டிருந்தது. நூல்போல புகை.

"அதுக்குள்ள என்ன, நானா?"

தட்டல் மறுபடி தொடங்கியது. ஸ்பீக்கரில் இல்லை. அவனுடைய விலா எலும்பில். உள்ளேயிருந்து. இரண்டு. ஒன்று. பிறகு எண்ண முடியாமல்.

சொல்கிறேன் என்று கையைக் காட்டினான். வாயைத் திறந்தான். இந்தமுறை உண்மையாகவே சொல்லத்தான் திறந்தான்.

புகை வந்தது.