நகல் கொடுக்கும் நூலகம்

லிவர்மோர் மலைச்சரிவில் இருந்த அந்தத் தனியார் நூலகத்தின் வாசிப்பறையில் அன்று மதியம் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில், அங்கே வேலை பார்க்கும் பசுபதி. அவருக்கு வலப்புறம் பக்கத்து வீட்டுக் காமாக்ஷி ஆன்ட்டி. எதிரே ஹாமித். அவனை ஒட்டி, கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி அவன் மனைவி நஜீமா. அவள் மடியில், காயல்பட்டினத்து உம்மாவுக்கு எழுதி முடிக்காத கடிதம்.

அந்தக் கடிதத்தில்தான் ஏதோ சரியில்லை.

"அலெக்ஸாண்ட்ரியாவுல கப்பல் வந்து நின்னா போதும்," என்றார் பசுபதி. "உள்ள இருக்கற புத்தகச் சுருளெல்லாம் லைப்ரரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. ஓனருக்குக் காப்பிதான் திரும்பி வரும். ஒரிஜினல்ல 'கப்பலில் வந்தது'ன்னு குறிச்சு வச்சுப்பாங்க."

"எங்க தெரு ஜெராக்ஸ் கடைக்காரன் தேவலை போலிருக்கே!" ஆன்ட்டி சிரித்தாள்.

இங்கும் அதே வழக்கம், விளையாட்டுக்கு. கையெழுத்தில் எது கொண்டுவந்தாலும் வாசலில் வாங்கி, நகலெடுத்துத் தருவார்கள்; அசல் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்விடும். நஜீமாவுக்குத் திரும்பி வந்த தாளில் அவள் எழுத்து, அவள் அடித்தல், பேனா கசிந்த நீலப் பொட்டு எல்லாம் இருந்தன. அவள் தடவியிருந்த அத்தர் வாசனை மட்டும் இல்லை. உம்மா கடிதத்தை முதலில் முகர்வாள், பிறகுதான் பிரிப்பாள். மறுபடி ஒரு சொட்டு தடவிவிடலாம். மனசு ஒப்பவில்லை.

"மச்சான், ஒரிஜினலை வாங்கிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. டிராஃபிக் ஆரம்பிக்கறதுக்குள்ள ஃப்ரீவே பிடிக்கணும்."

கைப்பையையும் நகலையும் நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். ஈரக் களிமண்ணும் பழைய தோலும் கலந்த வாசனை, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் குளிர், எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பேனா சரசரவென்று ஓடும் சத்தம்; அவள் நடந்தால் அது ஓடியது, நின்றால் நின்றது, மூச்சிழுத்தால் அதுவும் ஒரு கோடு இழுத்தது. தட்டுகளில் அடுக்கியிருந்தவை புத்தகங்கள் அல்ல. கண் சிமிட்டின.

பேனா ஓய்ந்தது.

ஓடிவந்து கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தட்டினாள். சத்தமே எழவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவள் நாற்காலி காலியாக இல்லை.

நஜீமா உட்கார்ந்திருந்தாள். கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதா?" என்றான் ஹாமித்.

"இதுவே போதும் மச்சான்."

அவள் குரல். அவளுடையதேதான்.

மணிக்கட்டில் ஏதோ இறுகியது. ஒரு சீட்டு. பசுபதியின் கையெழுத்து. 'காரில் வந்தது.'

உம்மா கண்டுபிடிப்பாள். முகர்ந்தவுடனே.

வெளியே இருந்தவள் கைப்பையைத் திறந்தாள். அத்தர் சீசா. ஒரு சொட்டு. தாளை மடித்தாள். உறையின் ஓரத்தை நாவால் நனைத்து ஒட்டினாள். ஹாமித் கார் சாவியோடு எழுந்தான்.

வாசலில் இருந்த நீலத் தபால்பெட்டிக்குள் கடிதம் விழுந்தது.