தாத்தாவைப் பார்க்க வருகிறார்கள்

“தாத்தாவுக்குக் கல்யாணமாம்மா?”

கேட்டவள் ஐந்து வயதுக் குழலி. வாசலில் கோலம். அடுப்பில் கேசரி. பாசிமாவில் தோய்த்த பஜ்ஜி எண்ணெயில் பொரிகிற சத்தம். கூடத்து நாற்காலியில், வேட்டி மடிப்புக் கலையாமல் தாத்தா. குழந்தை வேறு என்னதான் நினைக்கும்?

“கல்யாணம் இல்லடி. தாத்தாவைப் பார்க்க வர்றாங்க. கேசரியில கையை விட்டே, அவ்வளவுதான்!” என்றாள் அரசி.

செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கவிகைக் கூரைக்குள் அடங்கிய கவிகைநகரில், பெரியவர் பார்த்தல் என்பது எல்லா வீட்டிலும் நடக்கிற சடங்குதான். அங்கே நல்ல முதியோர் இல்லம் என்றால் அறுவர் இல்லம். ஆறே பேர், ஒரே கூடம், ஒரே காற்றுத்தொட்டி. ஒருவர் விடும் மூச்சைச் சுத்தம் செய்துதான் இன்னொருவர் இழுக்க வேண்டும். அதனால் ஓர் இடம் காலியானால் இல்லத்தவர்களே நேரில் வந்து, புதியவரைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் பூ. சொல்லாவிட்டால் பெருங்கூடம். அங்கே முதியவர்கள் வரிசை வரிசையாகப் படுத்திருப்பார்கள். இயந்திரக் கைகள் வேளை தவறாமல் திருப்பிப் போடும். குறை சொல்ல எதுவும் இல்லை. பேச யாரும் இல்லை.

அரசிக்கு வியாழனின் நிலவொன்றில் வேலை மாற்றம். குடும்பத்தோடு அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். எழுபது தாண்டியவர்களின் இதயம் தாங்காது என்று கப்பலில் அவர்களை ஏற்றுவதில்லை. ஆகவே, இன்றைக்குப் பூ வைத்தே ஆக வேண்டும்.

போன மாதம் ஓர் இல்லம் வந்து பார்த்துவிட்டுப் போனது. “குறட்டை உண்டா?” என்று கேட்டார்கள். “கவிகை அதிரும்” என்றார் தாத்தா தில்லைநாயகம், பெருமையோடு. பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அதனால்தான் இன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தில்லைநாயகம் அல்ல, அவருடைய பிரதியுரு. வாடகைக்கு எடுத்த இயந்திரம். அதே முகம், அதே வழுக்கை, அதே திருநீறு. பேச்சில் மட்டும் தேன். நிஜத் தில்லைநாயகம் கொல்லைக் கதவருகே நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இவ்வளவு அழகாவா இருக்கேன்?”

“அப்பா, கிளம்புங்க! வந்துடப் போறாங்க.”

“ஒரு ஓரமா உக்காந்து பாத்துட்டு…”

“கோவிச்சுக்காதீங்கப்பா. நீங்க உண்மையைப் பேசிருவீங்க.”

மகள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தார். மூச்சுக்குப்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பழைய கவிகையின் சோலையில் காற்று மெலிசு. குப்பியில்லாமல் அங்கே யாரும் போவதில்லை. முதியோருக்கு மாதத்துக்கு ஒரு குப்பிக் காற்றுதான் அளவு. சுரைப்பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து நாலு மூச்சு இழுத்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பரபரப்பில், நிரப்பிய குப்பியை அடுப்படியில் விட்டுவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கண் இருட்டியது. “அப்பனே” என்று மட்டும் வாயில் வந்தது.

பக்கத்துப் பலகையில் இருந்த அம்மாள் எழுந்து வந்தாள். தன் குப்பியின் கிளைக்குழாயை இழுத்து அவர் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

“இழுங்க. இன்னும் நல்லா. வெக்கப்பட இதுல என்ன இருக்கு?”

அவருக்கு நிறம் திரும்பும்வரை குழாயைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு திட்டத் தொடங்கினாள். “ஏன்யா பெரிய மனுசா, காலிக் குப்பியோட சோலைக்கு வர்றதுக்கு எந்த ஊர்ல கத்துக்கிட்டே?”

“வீட்ல விசேஷம். என்னை விரட்டிட்டாங்க” என்றார் அவர், மூச்சு வாங்க.

“நம்ம கதைதானா? எங்க இல்லத்துக்குப் புது ஆள் பாக்கப் போறாங்க. நாங்க போனா வாயை வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டோமாம். எங்க மேலாளர் மரகதம் எங்களை இங்க ஓட்டி விட்டுட்டு, எங்க பிரதியுருங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கா. அந்தா, அங்க குளத்தோரமா மீனோட சண்டை போட்டுட்டு இருக்காரே, அவரு மொய்தீன். நான் சவரியம்மா.”

தில்லைநாயகம் அவளையே பார்த்தார். “எந்த இல்லம்?”

“தென்கவிகை அறுவர் இல்லம்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. இருமல் வந்தது. மறுபடி சிரிப்பு வந்தது. “அம்மா, நீங்க பாக்கப் போன மாப்பிள்ளை நான்தான்!”

சவரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். “எந்திரிச்சு நில்லும். குறட்டை?”

“உண்டு. பலமா.”

“மொய்தீனுக்குக் காது கேக்காது. பாட்டு?”

“விடியக்காலையில சாமி பாட்டு. சுருதி சேராது.”

“நானும் அந்நேரம் ஜெபம் பண்ணுவேன். யார் சத்தம் மேல இருக்கிறவருக்கு முதல்ல எட்டுதுன்னு பாப்போம். கோவம் வருமா?”

“உப்பு குறைஞ்சா.”

“அங்க எல்லாமே உப்பு குறைச்சல்தான். சரி, எங்களைப் பத்திக் கேட்டுக்கும். எனக்கு ஜன்னலோர இடம் வேணும், விட்டுத் தர மாட்டேன். மொய்தீன் கேரத்துல காயை மறைப்பாரு. இன்னும் மூணு பேர்ல ரெண்டு பேரு பேசிக்க மாட்டாங்க. சம்மதமா?”

தில்லைநாயகத்தின் நெஞ்சு இருபது வயதுக்காரனுடையதைப் போல அடித்துக்கொண்டது. “சம்மதம்” என்றார். சுரைப்பூ ஒன்றைக் கிள்ளி அவளிடம் நீட்டினார்.

“பிள்ளைங்ககிட்டச் சொல்லிறாதீரும்” என்றாள் அவள் வாங்கிக்கொண்டே. “நமக்காகத்தான் பயந்து பயந்து நாடகம் போடுதுங்க. கலைச்சா பாவம்.”

வீட்டுக்குத் திரும்பியபோது அரசி வாசலுக்கு ஓடி வந்தாள். “பூ வெச்சாச்சுப்பா! எவ்வளவு தங்கமான மனுஷங்க! ஒரு குறை சொல்லலை!”

“அப்படியா!” என்றார் தில்லைநாயகம். கண்ணை அகல விரித்துக் காட்டவும் மறக்கவில்லை.

குடியேறுகிற நாள் வந்தது. வழி முழுக்க அரசி நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். “அப்பா, ரெண்டு நாளைக்கு வாயே திறக்காதீங்க.” இல்லத்து வாசலில் மேலாளர் மரகதம் வியர்த்துப் போய் நின்றாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த கணம் இருவரும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தார்கள்.

“மேடம், அன்னிக்கு நீங்க பாத்தது எங்கப்பா இல்லை…”

“அம்மா, அன்னிக்கு வந்தது எங்க ஆளுங்களே இல்லை…”

உள்ளிருந்து சவரியம்மாளின் குரல் வந்தது: “யோவ் மாப்பிள்ளை! இன்னிக்காவது குப்பியை நிரப்பிட்டு வந்தீரா?”

தில்லைநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் போகிறவரைப் போலப் போனார்.

வாசலில் பிரதியுருக்களைத் திரும்ப எடுத்துப்போக வாடகைக்கடை வண்டி நின்றிருந்தது. இரு தரப்பும் ஒரே கடையில்தான் எடுத்திருக்கிறார்கள். வண்டிக்குள் போலித் தில்லைநாயகமும் போலிச் சவரியம்மாளும் அடுத்தடுத்து உட்கார்ந்து இன்னும் பேசிக்கொண்டிருந்தன.

“உங்களைப் போல ஒரு குடும்பம் அமைய நாங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.”

“ஐயோ, நாங்கள் அல்லவா!”

மனிதன் பூமியை விட்டு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இயந்திரத்தில் பிரதியுரு செய்யத்தான் இவ்வளவு காலம் பிடித்தது. கூடத்து நாற்காலிக்குத் தன்னை விட நல்லவனாக ஒருவனை அனுப்பிவிட்டு, தான் கொல்லைப்புறமாக நழுவுகிற வித்தையைப் பூமியிலேயே கற்றுக்கொண்டுதான் வந்தான். கடவுள் இரக்கமுள்ளவர். கொல்லைப்புறத்திலும் சில சந்திப்புகளை வைத்திருக்கிறார்.

அரசி காலில் விழுந்தாள். தில்லைநாயகம் திருநீறு பூசிவிட்டு, “சந்தோஷமா போய்ட்டு வா. இங்க சண்டை போட ஆளு இருக்கு எனக்கு” என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை கேரம் ஆடும்போது மொய்தீன், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்: “சவரியம்மா போன ஞாயித்துக்கெழமை சோலைக்குப் போகலை பாத்தீரா? அவ புருசனை அந்தச் சுரைப்பந்தலடியிலதான் அடக்கம் பண்ணிருக்கு. ஒரு வாரம் தவறினதில்லை. இந்த மாசக் குப்பி என்னமோ பாதியிலயே தீந்துபோச்சாம். கேட்டா, ஓட்டைங்கிறா.”

தில்லைநாயகம் காயைத் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கண்ணயர்ந்தார்கள். அவர் மெல்ல எழுந்தார். ஆணியில் தொங்கிய அவள் குப்பியை இறக்கி, தன் குப்பியின் குழாயை அதில் பொருத்தித் திருகினார். காற்று சீறாதபடி துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டார். அவள் குப்பியின் அளவுமுள் மெல்ல மெல்ல ஏறி நிறைவுக்கோட்டைத் தொட்டது. குழாயைக் கழற்றி, அவள் குப்பியை இருந்தபடியே மாட்டினார். தன் காலிக் குப்பியைப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, வந்து படுத்துக்கொண்டார்.