மிதி, பிடி, விடு

செயீத்தோவின் பிக்கப் மிசாயேலையும் அவன் மனைவி ஜுல்மாவையும் வாசலில் இறக்கிவிட்டபோது கொமெரியோ மலைமேல் மதிய வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மிசாயேல் சாவியைத் துழாவினான். இரும்புக் கதவு துருப்பிடித்துக் கத்தியபடி திறந்தது.

அண்ணன் ஆப்னர் இறந்த பிறகு அந்த வீட்டை யாரும் திறக்கவில்லை. கார் கொட்டகையில் ஈர சிமெண்டின் வாடை, பூஞ்சையின் வாடை, அவற்றுக்கு அடியில் பிரேக் ஆயிலின் லேசான தித்திப்பு வாடை. நடுவில், முன் சக்கரங்கள் கழற்றப்பட்டு ஸ்டாண்டுகள் மேல் நின்றது மிசாயேலின் கார். இரண்டு கதவு, சிவப்பு, பானெட்டில் பெயிண்ட் உரிந்த பழைய வண்டி. தினமும் அதில்தான் வேலைக்குப் போய்வந்தான். சனிக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் அதைப் பிரித்துக் கோத்து, ஸ்பிரிங்கை இறக்கி, புகைக்குழாயை மாற்றி, ஒவ்வொன்றாக மேம்படுத்தினார்கள். கடைசியாகத் தொட்டது பிரேக்.

"இந்த இரும்ப இன்னுமா கட்டி அழற?" பக்கத்து வீட்டுக்குத் திரும்பிய செயீத்தோ வேலிக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "வித்துட்டு ஒரு கழுதை வாங்கு தம்பி. அதுவாவது சொன்னா நிக்கும்."

"உங்களப் பாத்துட்டு வேற எந்தக் கழுதையப் பாக்கறது?" என்றாள் ஜுல்மா.

செயீத்தோ சிரித்தார். மிசாயேல் சிரிக்கவில்லை.

ஜுல்மா மலைக்குக் கீழே பயமோன் நகரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளை இத்தனை நாள் அழைத்துப்போன தோழி ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் அவளே இந்தக் காரை ஓட்டிக்கொண்டு, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் ஆற்றுப் பள்ளமுமாக வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் போக வேண்டும். பிரேக் சரியாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிரேக்கில் ஏர் எடுப்பது, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, இரண்டு பேர் வேலை. ஒருவன் சக்கரத்தருகே தரையில் படுத்துக்கொள்வான், இன்னொருவன் ஓட்டுநர் இருக்கையில். "மிதி" என்றால் பெடலை மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். கீழே இருப்பவன் அப்போது ஏர் ஸ்க்ரூவைத் திறந்து மூடுவான். "விடு" என்று சொன்னால்தான் காலை எடுக்கலாம்.

ஆப்னர் இறந்த அன்றும் மிசாயேல் கீழே, அவன் மேலே. "விடு" என்றான். பெடல் எழவில்லை. வேண்டுமென்றே பிடித்துவைத்து வெறுப்பேற்றுவது ஆப்னரின் பழைய சேட்டை. மிசாயேல் படுத்தபடியே திட்டினான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். எழுந்து வந்து பார்த்தபோது ஆப்னர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தான். கால் பெடலிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் அதை எடுத்தார்கள்.

இதயம் கெட்டிருப்பது அவனுக்கு முன்பே தெரியும் என்றார் டாக்டர். மாத்திரை புட்டி காரின் கிளவ் பாக்ஸிலேயே கிடந்தது. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் பீர் குடித்து, பாட்டுப் போட்டு, சிரித்து, சொல்லவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் மிசாயேலுக்குக் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது எழுந்து போகவே இல்லை.

"ஆப்னர் மாட்டி வச்சது சரியாத்தானே இருக்கு?" என்றாள் ஜுல்மா. "அத எதுக்குக் கழட்டற?"

"அவன் கைபட்டது எதுவும் இதுல இருக்கக் கூடாது."

ஆப்னர் பழைய இரும்புக்கடையில் தேடிக் கொண்டுவந்து மாட்டிய, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் பெரிய காலிபர்கள் இரண்டையும் கழற்றி, ஒரே தட்டில் போட்டுக் கழுவினான். நாக்கின் நுனியில் வசவு ஓடிக்கொண்டே இருந்தது. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு போல்ட்டையும் தேவைக்கு மேல் முறுக்கினான்.

ஜுல்மா உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி… விடு."

ஸ்க்ரூவில் செருகிய குழாய் வழியே ஆயில் வந்தது. ஆனால் பெடல் பஞ்சில் கால் வைத்தது போல அடிவரை இறங்கியது. திரும்பவும் எடுத்தார்கள். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம்.

"என் கால் மரத்துப்போச்சு. பிரேக் மட்டும் பிடிக்கல," என்றாள் அவள்.

"அந்த நாய் என்னத்தையோ பண்ணி வச்சிருக்கான்."

"செத்தவன அப்படிப் பேசாத."

"ஏன்? எழுந்து வந்து அடிப்பானா?"

மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரை அலறியது. மின்சாரம் போயிற்று. தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. "செயீத்தோ வீட்ல காபி கேட்டு வாங்கிட்டு வர்றேன்," என்று ஜுல்மா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

மிசாயேல் அங்கேயே கிடந்தான். கூரை விளிம்பில் நீர் திரைபோல விழுந்தது. கொட்டகைக்குள் சாம்பல் நிற வெளிச்சம். ஸ்பேனர் கையில் இருந்தது. கண்ணை மூடினான். பல வருடப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"மிதி."

குழாயில் ஆயில் நகர்ந்தது.

ஜுல்மா வந்துவிட்டாள் என்று நினைத்தான். "பிடி," என்றான். ஸ்க்ரூவைத் திறந்தான், மூடினான்.

"விடு."

பெடல் எழவில்லை.

"விடுன்னு சொன்னேன்."

மழைத் திரைக்கு அப்பால் செயீத்தோ வீட்டுப் பால்கனி தெரிந்தது. அங்கே ஜுல்மா கையில் கோப்பையுடன் நின்று, அவர் சொன்ன எதற்கோ தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

காருக்குள் இருக்கையின் தோல் கிரீச்சிட்டது. கனத்த ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் வரும் சத்தம்.

வேறு யாராக இருந்தாலும் மழையில் இறங்கி ஓடியிருப்பார்கள். மிசாயேலுக்கும் பயம்தான். ஆனாலும் அவனுக்குள் இருந்த கோபம் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது.

"ஏன்டா சொல்லல?" என்றான், தரையில் படுத்தபடியே. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா? நான் உன்ன வேலை செய்ய விட்டிருப்பேனா? உன் பொணத்தப் போய்த் திட்ட வச்சிட்டியேடா."

மழை.

பிறகு பெடல் அடித்தது.

ஓங்கி, அடிவரை. இன்னொரு முறை. இன்னொரு முறை. ஸ்டாண்டுகள் மேல் கார் ஆடியது. சிமெண்ட் தரை அவன் முதுகுக்கடியில் அதிர்ந்தது. மேலே இருந்தவனும் அதே அளவு கோபத்தில் இருந்தான்.

ஏர் ஸ்க்ரூவில் செருகிய குழாய் பிய்த்துக்கொண்டு அவன் முகத்தில் வந்து அடித்தது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவனின் கண், ஸ்க்ரூ இருந்த இடத்தில் நின்றது.

அது காலிபரின் அடியில் இருந்தது.

மேலே இருக்க வேண்டும். காற்று மேலேதான் போகும். ஸ்க்ரூ கீழே இருந்தால் ஆயில் வடியும், காற்று மட்டும் மேலே உட்கார்ந்திருக்கும். வருடம் முழுக்க மிதித்தாலும் பெடல் இறுகாது. இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தான். ஆப்னர் சரியாகத்தான் மாட்டி வைத்திருந்தான்.

இப்படியே இறக்கியிருந்தால் திங்கட்கிழமை, ஆற்றுப் பள்ளத்தின் மேல், ஜுல்மா.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றினான். அதுவரை காருக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் காத்திருப்பவன் ஒருவன் இருந்தால் ஒரு இடம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"மிதி," என்றான்.

ஆயில் வந்தது. அதோடு காற்று, குமிழ் குமிழாக.

"பிடி."

இரண்டு பக்கமும் முடிந்தது.

"விடு."

பெடல் நிதானமாக எழுந்தது.

ஜுல்மா காபியோடு வந்து பெடலை அழுத்திப் பார்த்தாள். கல் போல நின்றது. "தனியாவா எடுத்த? எப்படி?"

"எடுத்துட்டேன்," என்றான். அவளிடம் சொல்லவில்லை. வந்தவன் வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றே நம்பினான்.

ஞாயிறு காலை வெயிலில் ஜுல்மா ஓட்டிப் பார்த்தாள். அவன் பக்கத்து இருக்கையில். மேடு, தேவாலயத்தைத் தாண்டி இறக்கம். பிரேக் லேசாகத் தொட்டாலே பிடித்தது. அவள் முகம் மலர்ந்தது. "இது பழைய வண்டியே இல்ல, மிசாயேல்." அவனும் பல நாளுக்குப் பிறகு சிரித்தான்.

ஆறு தெரியத் தொடங்கும் வளைவுக்கு முன்னால் கார் மெதுவானது. மேலும் மெதுவானது. சாலை நடுவில் நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

ஜுல்மா முன்னால் பார்த்தபடியே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"உன் கால எடு."

"என்னது?"

"என் கால் மேல மிதிக்கற. வலிக்குது. எடு."

மிசாயேல் குனிந்து பார்த்தான். அவனுடைய இரண்டு கால்களும் அவன் பக்கத்தில், ரப்பர் விரிப்பின் மேல் இருந்தன. அவளுடைய வெள்ளை ஷூ பெடலோடு நசுங்கி, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"விடு," என்றான். "ஆப்னர், விடு."

பெடல் எழவில்லை. பின்னால், தாண்டி வந்த வளைவுக்கு மேலே ஒரு லாரியின் ஹாரன் கேட்டது.

"விடுடா. அவ என்ன பண்ணினா? கோபம் எம்மேலதான? என்ன வந்து மிதி. அவள விடு."

லாரி வளைவைச் சுற்றி வந்து, அலறிக்கொண்டே அவர்களை உரசுவது போல் தாண்டிப் போனது. அதன் காற்றில் கார் குலுங்கியது. அதற்குப் பிறகுதான் அவள் காலை அழுத்திய பாரம் தளர்ந்தது.

வீடு வரை மிசாயேல் ஓட்டினான். பெடல் அவனிடம் ஒரு வம்பும் செய்யவில்லை. எல்லாவற்றையும் வழியிலேயே அவளிடம் சொல்லி முடித்தான்.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஜுல்மா ஷூவைக் கழற்றினாள், பிறகு சாக்ஸை. புறங்காலில் கால்விரல்கள் பதிந்தது போல ஐந்து நீலத் தடங்கள் வரிசையாகக் கன்றியிருந்தன. அவள் தன் மற்ற பாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தடங்கள் அவள் விரல்களைவிட அகலம்.

சாக்ஸை மடித்து ஷூவுக்குள் செருகினாள்.

"நாளைக்குக் காலைல யார் ஓட்டறது?" என்றாள் கடைசியில். "நானா, அவனா?"

மிசாயேல் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே, நிழலில், அவன் பூட்டிவிட்டு வந்த காரின் பிரேக் விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன.

அணையவில்லை.