எல்லாரும் போயாச்சு

கரண்ட் போயிருந்தது. ஆனாலும் மெஷினின் மணி அடித்தது.

மேசை டிராயரைப் பூட்டிக்கொண்டிருந்த ஹரிராம் சாவியோடு அப்படியே நின்றார். வெளியே மசமசவென்று இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்பதால் மில்லுக்குத் தொடர்ந்து லீவு விட்டிருந்தார்கள். பகல் ஷிப்டு ஆட்கள் கார்டைப் போட்டதும் தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு விழுந்தடித்து ஓடிவிட்டார்கள். ஓட்டம் நின்ற மில்லில் எண்ணெயும் சூடான இரும்பும் பஞ்சுத் தூசியும் கலந்த வாடை மட்டும் தங்கியிருந்தது. அந்த அமைதியில்தான் டைம் ஆபீஸ் சுவரிலிருந்து 'டங்' என்று அந்தச் சத்தம்.

கரண்ட் இல்லாமல் அது மணியடிக்காது. மாட்டிவிட்டுப் போன கம்பெனிக்காரன் அதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

மெஷின் வந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஹரிராம்தான் கேட்டில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். காலையில் உள்ளே விடும்போது ஒரு தடவை, சாயங்காலம் வெளியே விடும்போது ஒரு தடவை. "இருக்கேண்ணே" என்று குரல் வரும்; அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். அந்தக் கத்தலுக்கெல்லாம் மெஷின் முழுக்குப் போட்டது. மெஷினுக்கு இரண்டு பக்கமும் மரத்தட்டுகள். ஒன்றில் 'உள்ளே', மற்றதில் 'வெளியே' என்று எழுதியிருக்கும். ஆள் தன் கார்டை மெஷினில் செருகினால் மணி அடித்து நேரம் பதியும். பிறகு கார்டை அடுத்த தட்டுக்கு மாற்றிவிட்டு நடையைக் கட்டவேண்டியதுதான். ஆபீஸ் ஆட்களும் போடவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் ஹரிராமுக்கும் ஒரு கார்டு இருந்தது. தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது என்று அவருக்கு மெத்த சந்தோஷம். யார் முகத்தையும் பார்க்கவேண்டிய வேலை இல்லை.

போன ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் காசிமாயனின் கார்டை அவன் மச்சினன் சோணை சேர்த்துப் போட்டான். "மாப்ள பின்னாடியே வாராருண்ணே, கூட்டமா இருக்கு, நானே போட்டுர்றேன்" என்றான். மாமன் மச்சினன்களுக்குள் இதெல்லாம் சகஜம். ஹரிராம் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பூட்டும்போது வாட்ச்மேன் பேயாண்டிதான் முனகினான்.

"ஒரு ஆளு கொறையிற மாதிரி இருக்கேண்ணே."

"எல்லா கார்டும் வெளிய இருக்கு. மெஷின் பொய் சொல்லுமா? எல்லாரும் போயாச்சு, பூட்டு."

கேட்டை ஒட்டிய பஞ்சு குடோனில் பஞ்சுப் பொதிகளான பேல்களின் அடுக்கு சரிந்திருந்தது யாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் பஞ்சுக்குள்ளிருந்து காசிமாயனை இழுத்தெடுத்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. வலது கை விரல்களில் நகமே இல்லை. பேலைக் கட்டியிருந்த இரும்புப் பட்டையைத் தட்டித் தட்டியே தேய்ந்துபோயிருந்தன. எம்புட்டு நேரம் தட்டினானோ. அந்த விரல்களை நினைத்தால் ஹரிராமுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது.

சோணை அதோடு வேலையை விட்டுப் போய்விட்டான். காசிமாயனின் பெண்சாதி முத்துத்தாய்க்கு வாரிசு வேலை கொடுத்தார்கள். கழிவுப் பஞ்சு கூட்டும் வேலை, அதே குடோனில். தட்டில் காசிமாயனின் கார்டு போய்க் காலியாகக் கிடந்த அதே இடத்தில்தான் ஹரிராம் அவள் கார்டையும் செருகினார்.

இப்போது அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் போனார். 'உள்ளே' தட்டில் அவருடைய கார்டு மட்டும் இருந்தது. மற்ற எல்லாம் 'வெளியே'. முத்துத்தாயின் கார்டில் விரலை வைத்தார். மை ஈரமாக ஒட்டியது.

கேட்டைப் பார்த்தார். யாரும் இல்லை. செம்மண் பாதையில் ஒரு நிழல்கூட இல்லை. சுவர் ஆணியில் முத்துத்தாயின் தூக்குவாளி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை விட்டுவிட்டு அவள் ஒருநாளும் போனதில்லை.

"பேயாண்டி!" என்று கூப்பிட்டார். அவன் பின்பக்கக் கேட்டைப் பூட்டப் போயிருந்தான். ஆற்றுப் பக்கமிருந்து கொட்டுச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் அலையலையாக வந்தன. அது கொஞ்சம் தணிந்த நேரத்தில் வேறொரு சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

இரும்புப் பட்டையை விரலால் தட்டுகிற சத்தம். குடோனிலிருந்து.

பயம் வந்தால் ஹரிராமுக்குத் தமிழ் வராது. வீட்டில் பேசும் சௌராஷ்டிரம்தான் வரும். அந்தப் பாஷையில் ராமனைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். டைம் ஆபீஸ் வாசலில் கழற்றி வைத்த செருப்பைப் போடவும் தோன்றவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தையில் ஒரு உயிர் போனது. இன்றைக்கும் காசிமாயன் வீட்டு உயிர் போனால், அப்புறம் தான் மனுஷனே இல்லை என்று பட்டது.

குடோன் கதவு திறந்தேதான் கிடந்தது. உள்ளே கன்னங்கரேலென்று இருட்டு. கூரை வரை பேல்கள் அடுக்கியிருந்தன. நடுவே உதிரிப் பஞ்சு மலையாகக் குவிந்து கிடந்தது. மூக்கில் தூசி ஏறியது.

"முத்துத்தாயி!" பழையபடி, கேட்டில் நின்று கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

தட்டுகிற சத்தம் நின்றது. பஞ்சுக்குள்ளிருந்து அமுங்கிப்போன ஒரு குரல்.

"இருக்கேண்ணே."

ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. உயிர் இருக்கிறது, அதுபோதும். ஹரிராம் முட்டிபோட்டுப் பஞ்சை இரண்டு கையாலும் வாரிவாரி எறிந்தார். இடுப்புவரை உள்ளே போனார். இன்னும் வாரினார். தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

ஒரு கை அவர் கையைப் பிடித்தது.

"பயப்படாத தாயி, வந்துட்டேன்" என்றார். இந்தத் தடவை பிந்தவில்லை. இழுத்தார்.

அப்போது வெளியே கேட்டிலிருந்து குரல் கேட்டது.

"அண்ணே! தூக்குவாளிய மறந்துட்டு ஆரப்பாளையம் வரைக்கும் போயிட்டேண்ணே!"

முத்துத்தாய்.

ஹரிராம் இழுப்பதை நிறுத்தினார். பிடித்திருந்த கை நிறுத்தவில்லை. மெதுவாக, அவருடைய விரல்களின் மேல் அந்த விரல்கள் ஏறின. ஒவ்வொன்றாக. நுனியில் நகம் இல்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தார். மேலே ஏதோ சரிந்தது. பஞ்சு இறங்கியது. வாய்க்குள். தொண்டைக்குள். முதுகில் ஒரு பேல். அசைய முடியவில்லை.

வெளியே டைம் ஆபீசில் மணி அடித்தது.

டங்.

"ஹரிராமண்ணன் போயிட்டாரா?" பேயாண்டியின் குரல்.

"தெரியலண்ணே. செருப்பு இங்கதான கெடக்கு?" முத்துத்தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உள்ள எங்கிட்டாச்சும் இருக்காரான்னு பாருங்கண்ணே."

பார். பார் தாயி. முகத்தைப் பார்க்காமல் விடாதே என்று மனசுக்குள் கத்தினார் ஹரிராம்.

பேயாண்டி நடப்பது கேட்டது. தட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

"இந்தா, கார்டு வெளிய இருக்குல. மை கூடக் காயல. மெஷின் பொய் சொல்லுமான்னு அவரேதான கேப்பாரு? எல்லாரும் போயாச்சு. நீ கெளம்பு தாயி, எதிர்சேவை முடிஞ்சுறப் போகுது."

தூக்குவாளி ஆணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

"அப்ப நான் வாரேண்ணே."

குடோன் கதவு கிறீச்சிட்டது. தாழ் விழுந்தது. பூட்டு.

இருட்டு.

ஹரிராமின் ஒரு கை இன்னும் பிடியில் இருந்தது. மற்றக் கையை மெல்ல நகர்த்தினார். இரும்புப் பட்டை தட்டுப்பட்டது. தட்டினார். ஆற்றுப் பக்கம் கொட்டுச் சத்தம் உச்சத்துக்குப் போயிருந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்.

டக். டக். டக்.

அவர் காதுக்குப் பக்கத்தில், அதே பட்டையில், இன்னொரு கையும் சேர்ந்து தட்ட ஆரம்பித்தது.