சட்டத்தின் இடது ஓரம்

மாமனார் ஜோக்கை அவர் சொல்லவில்லை. ஆனாலும் அரங்கமே சிரித்தது.

கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டிருந்த மேசையில், புரொஜெக்டர் விடும் வெக்கை முழங்கையில் பட, அடுத்த படத்துக்கு மாற்றும் பொத்தானில் விரலை வைத்தபடி அரைத்தூக்கத்தில் இருந்த அவள், அந்தச் சிரிப்பில்தான் கண்ணை முழுசாகத் திறந்தாள். கணவரின் இந்தச் சொற்பொழிவு அவளுக்கு மனப்பாடம். முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் பரோக் காலத்துப் படச்சட்டங்கள். எத்தனை அருங்காட்சியகம், எத்தனை கல்லூரி, எத்தனை விடுதி அறை! எல்லா இடத்துக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேளாவேளைக்கு அவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்துக்கொண்டு, இதேபோல் ஒரு மூலையில் உட்கார்ந்து படம் மாற்றியிருக்கிறாள். அவர் எங்கே இருமுவார், எங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பதுகூட அவளுக்குத் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்கு மினுங்கும் ஒரு தங்கச் சட்டத்தின் படம் திரையில் வந்ததும் அந்த ஜோக்கும் வரும். ஒரு பணக்காரர் பெரிய விலை கொடுத்து ஓவியம் வாங்கிப்போய், ஓவியத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் சுவரில் மாட்டினாராம். ஏனென்று கேட்டதற்கு, “படத்துல இருக்கிறவர் அப்படியே என் மாமனார் மாதிரி முறைக்கிறாருங்க” என்றாராம். முதன்முதலில் இதைச் சொன்னபோது அவளுடைய அப்பா முன்வரிசையில் இருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. ஜோக் மட்டும் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது.

இன்று அந்தப் படம் வந்தபோது அவள் காதில் விழுந்தது வேறு.

“இலைக்குப் பின்னால பாருங்க. வெளியில இருந்து தெரியாது. ஒவ்வொரு இலைக்குப் பின்னாலயும் கொஞ்சம் இடம் விட்டிருக்காங்க.”

அதற்குத்தான் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ரயிலில் இரவு முழுக்க அவர் குறட்டை. வந்து இறங்கியதிலிருந்து உட்கார நேரமில்லை. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடந்தால் போதும் என்றிருந்தது. குளிர்சாதனக் காற்றில் பழைய கம்பளத்தின் மக்கிய வாடையும், முன்னால் இருந்தவர்களின் ஈரக் குடைகளின் வாடையும் கலந்து வந்தன. அதற்கு நடுவே இன்னொரு வாடை. இப்போதுதான் செதுக்கிய மரம் மாதிரி. பச்சையாக.

மேடையில் இரண்டே வெளிச்சம். ஒன்று, பேச்சு மேசையில் அவருடைய தாளின்மேல் விழும் சின்ன விளக்கு. இன்னொன்று, திரையிலிருந்து சிதறும் வெளிச்சம். அதில் மங்கலாக, மேடையின் இடப்பக்கத்தில், தாங்கியில் சாய்த்துவைத்த ஒரு நிஜச் சட்டம். ஆள் உயரம். உள்ளே ஓவியம் கிடையாது. பின்னாலிருந்த கறுப்புத் திரைச்சீலைதான் தெரிந்தது. சுற்றிலும் சுருள் சுருளாக இலைகள், கிளிஞ்சல்கள், நான்கு மூலையிலும் இடையிடையேயும் பாடுவதுபோல் வாய் திறந்த குழந்தைத் தலைகள். எல்லாமே தங்க ரேக்கு ஒட்டியவை.

அதைத் தேர்ந்தெடுக்கத்தான் மதியம் அவர் இந்த அருங்காட்சியகத்தின் நிலவறைக் கிடங்குக்குப் போனார். காப்பாட்சியர் அம்மாள், “அந்தச் சட்டத்தை நாங்க வெளிய எடுக்கிறதில்ல சார், அதுல எந்தப் படமும் நிக்கல” என்று இழுத்தாள். அவர் விடவில்லை. தொலைபேசி அழைப்பு வந்து அந்த அம்மாள் மேலே வந்துவிட, அவர் கீழே தனியாக நின்றார். திரும்பி வந்தவர் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. முழங்கால் வலி என்று முனகவில்லை. மாத்திரையை நீட்டினால், “இருக்கட்டும்” என்று சிரித்தார். இன்றைக்காவது தொல்லை இல்லை என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த படத்துக்கு மாற்றினாள். மரச்சட்டத்தின்மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் தங்கம். இந்த இடத்தில் அவர், மூச்சு பட்டாலே பறந்துபோகும் மெல்லிய ரேக்கை எப்படி ஒட்டுவார்கள் என்று உள்ளங்கையை ஊதிக்காட்டுவார். இன்றும் ஊதிக்காட்டினார். முன்வரிசையில் யாரோ “அடடா” என்றார்கள்.

அவளுக்குக் கேட்டது: “வாயைத் தோண்டுறதுதான் கடைசி வேலை. அதுவரைக்கும் மூச்சு விட முடியாது.”

பக்கத்தில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த பெண்மணியின் பக்கம் சாய்ந்தாள். “இப்ப அவர் என்ன சொன்னாருங்க?”

“தங்கம் ஒட்டுறதப் பத்திதாங்க. அணில் வாலு முடி பிரஷ்ஷை கன்னத்துல தேச்சுக்கிட்டு அப்புறம் எடுப்பாங்களாம்.” அந்தப் பெண்மணி கிசுகிசுத்தாள். “எவ்வளவு அழகா சொல்றாரு! உங்க வீட்டுக்காரரா? குடுத்து வச்சவங்க நீங்க.”

அது சரிதான். அதுதான் அவர் எப்போதும் சொல்வது. அந்தப் பெண்மணிக்கு எப்போதும்போல் கேட்கிறது. எனக்குத்தான் காது போய்விட்டது, வயசாகிறது, ஊருக்குப் போனதும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே அவருடைய வாயைப் பார்த்தாள்.

உதடுகள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.

அணில். கன்னம். பிரஷ். இத்தனை தூரத்திலும் அந்த வாயசைவை அவளால் படிக்க முடிந்தது. ஆனால் குரல் அந்த வாயிலிருந்து வரவில்லை. கூரையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்தும் வரவில்லை. அவருடைய குரல்தான், அந்தக் கரகரப்புத்தான். கொஞ்சம் சின்னதாக, இடப்பக்கத்திலிருந்து வந்தது.

“நீ பின்னாடிதானே உக்காந்திருக்கே? எனக்குத் தெரியும். அந்த மிஷின் சத்தம் கேக்குது.”

விரல் பொத்தானிலேயே உறைந்தது. மேடையில் இருந்தவர் பேச்சை நிறுத்தி, பின்பக்கமாகப் பார்த்து, அடுத்த படம் என்று விரலை அசைத்தார். மாற்றினாள். கை தானாகச் செய்தது.

“இங்க இடம் பத்தல. காலை மடக்க வேண்டியிருக்கு. மடக்க மடக்க இன்னும் மடக்கச் சொல்லுது.”

யாரோ இருமினார்கள். யாரோ பேனாவைக் கீழே போட்டு எடுத்தார்கள்.

“கேளு. முடிஞ்சதும் விளக்கைப் போடுவாங்க. போட விடாதே. வெளிச்சம் பட்டா மூடிக்கும்.”

இன்னும் மூன்றே படங்கள். அவளுக்குத் தெரியும். எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டே கதவருகே போனாள். காவலாளி சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவர் தோளுக்குப் பக்கத்தில் விளக்குகளின் சுவிட்ச் பலகை.

“லைட் போடாதீங்க.”

“இன்னும் முடியலையே மேடம்.”

“முடிஞ்சாலும் போடாதீங்க. கொஞ்ச நேரம். நான் சொல்றவரைக்கும்.”

“இருட்டுல ஜனங்க எப்படி மேடம் வெளிய போவாங்க? யாராவது விழுந்து வச்சா என் தலைதான் உருளும்.” அவளை உற்றுப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா? தண்ணி குடிக்கிறீங்களா?”

மேடையில் இருந்தவர் படங்கள் முடியும்வரை காத்திருக்கவில்லை. தாளை மடித்தார். கைகூப்பினார்.

கைதட்டல்.

நடுப்பாதையில் ஓடினாள். ஓட்டமா அது? வீங்கிய கால்கள். ஒரு குடை தடுக்கியது. யாரோ “பாத்து, பாத்து” என்றார்கள். கைதட்டலுக்கு அடியில் அந்தக் குரல் வேகமாக, சொல் ஒன்றன்மேல் ஒன்று ஏற, அவளைக் கூப்பிட்டது. மேடைப் படியைக் கையால் பிடித்து ஏறினாள். பச்சை மர வாடை மூக்கை அடைத்தது.

சட்டத்தின் இடது ஓரம். கீழிருந்து இரண்டாவது தலை. மற்றத் தலைகளின் வாய்க்குள்ளும் தங்கம். இதற்குள் இல்லை. உள்ளே சிவப்பு. ஈரம். சின்ன வாய்க்குள் பெரிய நாக்கு ஒன்று இடமில்லாமல் புரண்டது.

“வந்துட்டியா? கையை வை. கையை வச்சு மறை.”

வைத்தாள். உள்ளங்கையில் சூடான மூச்சு அடித்தது. காய்ச்சல்காரன் மூச்சு மாதிரி.

“என்னம்மா இது?”

பின்னால் அவர் நின்றார். இப்போது இந்தக் குரலும் கேட்டது. தெளிவாக, பக்கத்தில். கரகரப்பே இல்லை. முகத்தில் கோபமும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் பார்த்திராத அக்கறையோடு அவள் தோள்பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“ரொம்பக் களைச்சுப் போயிட்டே. உன்னை ஊர் ஊரா இழுத்தடிச்சுட்டாங்க. வா, வீட்டுக்குப் போகலாம். இனிமே எங்கயும் போக வேண்டாம்.”

இழுத்தடிச்சுட்டாங்க. யார்?

“லைட் வேண்டாம்னு சொல்லுங்க,” என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

“எதுக்கும்மா?”

விளக்குகள் எரிந்தன. எல்லாம், ஒரே நேரத்தில்.

உள்ளங்கைக்குக் கீழே மூச்சு திணறியது. அவள் இன்னும் அழுத்தி மூடினாள், விரலிடுக்கில்கூட வெளிச்சம் போகாதபடி இன்னொரு கையையும் சேர்த்து வைத்தாள். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காப்பாட்சியர் அம்மாள், “மேடம், அதைத் தொடாதீங்க, தங்கம் உதிர்ந்திடும்” என்று பதறி ஓடிவந்தாள். அவர் மட்டும் நிதானமாக அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கவே இல்லை. குளிர்ந்த, வழுவழுப்பான, மயிரே இல்லாத விரல்கள். ஒவ்வொரு விரலாக அவள் கையைப் பிரித்து எடுத்தார்.

வெளிச்சம் வாய்க்குள் விழுந்தது.

உதட்டோரத்தில் தங்கம் கசிந்தது. மெல்லிய ஏடு. உள்பக்கமாக ஊர்ந்தது. பல்லை மூடியது. நாக்கின்மேல் ஏறியது. நாக்கு அவளுடைய பெயரின் முதல் எழுத்துக்கு மடிந்து, அப்படியே நின்றது.

“அப்பாடா, ஒண்ணும் ஆகல,” என்றாள் காப்பாட்சியர் அம்மாள், குனிந்து பார்த்துவிட்டு.

அவர் அவளைத் தோளோடு அணைத்துப் படியிறக்கினார். கடைசிப் படியில் அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தனை விளக்கின் கீழும் சட்டம் தகதகவென்று நின்றது. எல்லாத் தலைகளும் ஒன்றுபோல் பாடின. கீழிருந்து இரண்டாவது தலையின் கழுத்தில் மட்டும், வழவழப்பான தங்கத்துக்கு அடியில், தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.